கடைசி ஆள்; தனி ஆள் இல்லை!

நடுவர் அவர்களே, ‘முந்தி ஓடுவதே இன்பம்’னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். ஐயா, முந்தி ஓடத் தெம்பில்லாதவன் எங்கே போறது?

மனைவி காலமான பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வர்றதையே விட்டுட்டேன். மகள்தான் கோலாலம்பூரில் ஒரு ‘ஹேஷ்’ ஓட்டத்துக்கு என்னை இழுத்துட்டுப் போனாள். 1938-ல் அந்த ஊரிலேயே பிறந்து, உலகமெல்லாம் பரவிய பழக்கம் அது.

செம்பனைத் தோட்டத்து ஓரம். எல்லாம் இளவட்டம். எனக்கு வயசு 62. தொப்பை எனக்கு முன்னாலே நிற்குது! (சிரிப்பு)

‘முயல்’னு ஒருத்தர் முன்கூட்டியே போய் வழியெல்லாம் மாவு தூவி வைப்பார். அந்தத் தடத்தைப் பார்த்து ஓடணும். ஐந்தே நிமிஷத்தில் எல்லாரும் மறைஞ்சுட்டாங்க. ‘இங்கேயும் தனியாத்தான் நிக்கிறோம்’னு கண் கலங்கிடுச்சு.

வளைவு திரும்பினா, அத்தனை பேரும் அங்கே! மாவுத் தடம் பாதியிலே நின்னு போச்சு. வேகமா ஓடினவங்க நாலு திசையிலும் தேடி அலையறாங்க. நான் போய்ச் சேரவும், ஒருத்தர் வழியைக் கண்டுபிடிச்சு “ஆன்! ஆன்!”னு கத்தவும் சரியா இருந்தது.

ஓட்டம் முடிஞ்சதும் முயலைக் கேட்டேன்: “தடத்தை ஏன்ப்பா பாதியிலே விட்டே?”

“அங்கிள், வேகமானவங்களைக் கொஞ்சம் சுத்த விட்டாத்தானே மெதுவா வர்றவங்க வந்து சேர முடியும்?”

நடுவர் அவர்களே, பின்தங்கினவனையும் நினைச்சு விதி வச்ச விளையாட்டு அது! அன்றைக்கு நான் கடைசி ஆள்தான். ஆனா தனி ஆள் இல்லை. (கைதட்டல்) ஆகவே, சேர்ந்து ஓடுவதே இன்பம் என்று தீர்ப்பளிக்க வேண்டி விடைபெறுகிறேன்.