விளம்பரம் இல்லாத ஒரு சட்டை
(இளைஞர் பிரிவின் காற்பந்துப் போட்டிப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





பரிசுக்குக் காத்திருப்பவர்களுக்கு நீண்ட உரை பிடிக்காது. ஆகவே ஒரே ஒரு சட்டையைப் பற்றிப் பேசிவிட்டு அமர்கிறேன்.

பழைய காற்பந்துச் சட்டைகளைத் தேடி வாங்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பெருகியிருக்கிறது. ஸ்பெயினின் செவில்லா குழு 2006-07 பருவத்தில் அணிந்த வெள்ளைச் சட்டையும் அவற்றில் ஒன்று. அதன் நெஞ்சில் ஓர் இணையச் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பெயர் இல்லாமலும் ஒரு சட்டை தைக்கப்பட்டது. அது ஃபிரெடெரிக் கனூட்டேக்காக.

கனூட்டே பிரான்சில் பிறந்து, தந்தையின் நாடான மாலிக்கு ஆடியவர். இளம் வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர். மதுவோடு சேர்த்துச் சூதாட்டத்தையும் நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. அதை விளம்பரம் செய்ய மாட்டேன் என்று அவர் சொன்னார். குழு அவருக்கு விளம்பரம் இல்லாத சட்டையைக் கொடுத்தது.

நான் வியாபாரி. விளம்பரப் பணம் இல்லாமல் ஒரு குழுவை நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குப் புரியும். ஒருவர் மட்டும் மறுத்தால் நிர்வாகத்துக்குச் சங்கடம்தான். அப்படி இருந்தும் இடம் கொடுத்தார்கள் என்றால், அவருடைய உழைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் 21 கோல் போட்டார். 2007 மே மாதம் செவில்லா யூஇஎஃப்ஏ கிண்ணத்தை வென்றது. ஜூனில் ஸ்பெயின் அரசர் கிண்ணம். அந்த இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது. கொள்கையைச் சொல்லிவிட்டு வேலையில் குறை வைப்பவர்களை யாரும் மதிப்பதில்லை. அவர் வேலையில் குறை வைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் செவில்லா நகரில் முஸ்லிம்கள் தொழுதுவந்த ஓர் இடம் விற்பனைக்கு வந்தது. கனூட்டே அரை மில்லியன் யூரோவுக்கும் மேல் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதை வாங்கினார். தொழுகை தொடர்ந்தது.

தம்பிமார்களே, இந்தச் சோதனை பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் வருவதல்ல. "கடை முகப்பில் எங்கள் பெயரைப் போடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று நம்மிடமும் வருவார்கள். உங்கள் கைப்பேசிக்கும் வரும். ஒரு பதிவு போட்டால் காசு. வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் அந்தக் காசு பெரிதாகத்தான் தெரியும். நம் முன்னோர்களும் அத்தகைய மாதங்களைக் கடந்துதான் கடை நடத்தினார்கள். ரிஸ்க் எவ்வளவு என்பதோடு, எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தார்கள்.

ஸ்பெயின் அரசு 2020இல் கொண்டுவந்த ஆணையின் பயனாக, 2021-22 பருவத்திலிருந்து அந்நாட்டுக் குழுக்களின் சட்டைகளில் சூதாட்ட நிறுவனங்களின் பெயர் இல்லை. கனூட்டே மறுத்தபோது அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு நம் அணிகளுக்குப் புதுச் சட்டை எடுக்கப்போகிறோம். உதவ முன்வருபவர் யார், அவருடைய தொழில் என்ன என்று முதலில் கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நெஞ்சுப் பகுதி வெறுமையாகவே இருக்கட்டும். துணிச் செலவை நாங்கள் சில கடைக்காரர்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.