வழி மறிக்கப்பட்ட மீன்கள்



அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரைக் கடந்து கிழக்கே இறங்குவோர் லெவன்வொர்த் என்னும் சிற்றூரை அடைவர். கோடையில் அம்மலைப்பாதையில் மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். அடுப்பும் படுக்கையும் நீர்த்தொட்டியும் உடன்வர, வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுவோர் அவர்கள். அன்னோர், பிறந்த நீரைத் தேடி வீடு திரும்பும் மீன்களைக் காண வண்டியை நிறுத்தும் இடம், ஐசிக்கிள் ஓடைக்கரையிலுள்ள சால்மன் பொரிப்பகம்.

சால்மன் என்றவுடன் நம் கடற்கரைக் காலா மீனை எண்ணிவிடலாகாது. அங்காடியில் அதனை 'இந்தியன் சால்மன்' என்பாருண்டு. ஆயினும் அது வேறு குடும்பத்தது. பசிபிக் சால்மனோ ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே மீண்டு, அங்கேயே மடிவது. தான் பிறந்த ஓடையின் மணத்தை நினைவிற் கொண்டே அது வழி தேர்கிறது என்னும் கருத்துக்கு, ஹாஸ்லர், விஸ்பி என்னும் அறிஞர்கள் 1951இல் ஆய்வுவழி அடித்தளம் இட்டனர்.

கடலிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் எதிர்நீச்சல்; இடையே ஏழு அணைகள். அவற்றின் மீன்படிகளில் ஏறி வந்து சேரும் மீன்களைப் பொரிப்பகத்தார் குளத்தில் தேக்கி வைக்கின்றனர். ஆகஸ்டுத் திங்களில் அவற்றைக் கொன்று, முட்டைகளை எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, குளிர்ந்த நீர் ஓடும் தட்டுகளில் பரப்புகின்றனர். பொரிந்த குஞ்சு, வயிற்றில் ஒட்டிய கருவுணவுப் பையைக் கொண்டே சில வாரம் உயிர் வாழ்கிறது. பின்னர் நீண்ட கற்காரைத் தொட்டிகளில் ஓராண்டுக்கு மேல் வளர்ப்பு. வளர்ப்புமீன் என அடையாளம் காண, முதுகின் பின்புறத்துச் சிறு துடுப்பை நறுக்கிவிடுகின்றனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் இளமீன்களை வேனிலில் ஓடையில் விடுவது இலக்கு. தொட்டியருகே நிற்கும் சிறுவர்க்கு இது திருவிழா!

ஆனால், இத்தனை தொட்டிகள் ஏன் வேண்டப்பட்டன? இவ்வினாவை எழுப்பாமல் திரும்பும் பயணி, பாதிக் கதையையே கண்டவர்.

1933இல் தொடங்கி 1942இல் முடிந்த கிராண்ட் கூலி அணை, கொலம்பியா ஆற்றை 168 மீட்டர் உயரத்தில் மறித்தது. அதற்கு மீன்படி கட்டப்படவில்லை. மேலாற்றுக்குச் செல்லும் மீன்களை 1939 முதல் கீழே ராக் ஐலண்ட் அணையிலேயே பிடித்து, வேறு கிளையாறுகளுக்கு மாற்றினர். அதற்கு ஈடாக எழுந்தவையே லெவன்வொர்த், என்டியாட், வின்த்ராப் பொரிப்பகங்கள். ஈடு மீனுக்குக் கிடைத்தது, அதுவும் வேற்றாற்றில். கெட்டில் அருவியில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த பழங்குடி மக்களுக்கு? 1940 ஜூனில் அவர்கள் அருவிக்கரையில் கூடி, 'கண்ணீர்ச் சடங்கு' நிகழ்த்தி விடைபெற்றனர். அருவி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. பொரிப்பகத்தின் தொண்டு மறுக்கத்தக்கதன்று; எனினும் மீனைப் பெருக்குவது வேறு, ஆற்றைத் திருப்பித் தருவது வேறு.

2019இல் கோல்வில் பழங்குடியினர் வளர்ந்த சால்மன்களை வண்டியில் ஏற்றிச் சென்று, அவ்வணைக்கு மேலே நீரில் விட்டனர். 2023இல் இம்மீட்புப் பணிக்கு 20 ஆண்டுகளில் 20 கோடி டாலர் வழங்க உடன்பாடு ஏற்பட்டது. அணை இன்றும் நிற்கிறது. மேலே விடப்பட்ட மீன்கள் ஆற்றில் முட்டையிட்டன.