வீடு நம்முடையது, கணக்கு யாரிடம்?



தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு வரிசை வீடு வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. வேலை தோட்டத்தில் இருப்பதால் வீட்டை வாடகைக்கு விட்டு, அதைப் பார்த்துக்கொள்ளப் பட்டணத்தில் ஒருவரை அமர்த்துகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்மேல் மனக்கசப்பு வந்துவிடுகிறது. ஏன்?

என் தாயாரின் வீட்டையே சொல்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் உறவினர். அம்மாவுக்குத் தம்பி முறை. வாடகையை ஒரு மாதமும் அவர் தவறவிட்டதில்லை. ஆனால் ஒருநாள் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டு வரி நான்கு தவணை பாக்கி! “அக்கா கட்டுகிறார் என்று இருந்தேன்” என்றார் அவர். “வாடகையில் கழித்துத் தம்பி கட்டுகிறான் என்று இருந்தேன்” என்றார் அம்மா. முன்பு கூரை ஒழுகியபோது 300 வெள்ளி பிடித்திருந்தார், ரசீது இல்லை. அதுவும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் பழைய கணக்கையெல்லாம் கிளறும். அவர் திருடினார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆயினும் அந்தத் தீபாவளிக்கு அம்மா அவர் வீட்டுக்குப் போகவில்லை.

சம்பளத்தில் ஒரு நாள் பெயர் விடுபட்டால் கிராணியிடம் உடனே கேட்கிறோம். சொந்தக்காரரிடம் கணக்குக் கேட்க மட்டும் கூசுகிறோம். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. அதில் பங்கு போட்ட பால்வெட்டுத் தொழிலாளிக்கும் பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அதை யாரும் மரியாதைக் குறைவு என்பதில்லையே!

ஆகவே தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை வரும் வீட்டு வரியையும், ஒருமுறை வரும் நில வரியையும் யார் கட்டுவது? குடிவருபவர் கொடுக்கும் முன்பணம் யார் கையில் இருக்கும்? எத்தனை வெள்ளிக்கு மேற்பட்ட பழுதுக்கு உங்களைக் கேட்க வேண்டும்? இதை எழுதாமல் விட்டது எங்கள் தவறுதான். உங்களுக்காக ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுப்பதானால், அந்த அதிகாரப் பத்திரத்தை உயர்நீதிமன்றத்தில் பதிய வேண்டும். வெறும் வாய்ச்சொல் போதாது. இதையே தொழிலாகச் செய்பவரானால், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டை இன்றும் அதே உறவினர்தான் பார்த்துக்கொள்கிறார். இப்போது ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் இருக்கிறது. சென்ற மாதப் பக்கத்தில், “சமையலறைக் குழாய், 45 வெள்ளி” என்று எழுதி, ரசீதைப் பசையால் ஒட்டியிருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ரசீதைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பிக்குத் தேநீர் போடு” என்றார்.