மீதி 167 மணி நேரம்

(ஆதரவாளர் கூடுகையில் வீட்டுப் பராமரிப்புப் பணி குறித்து மூத்த செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பணியைத் தாங்குகிறவர்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "இந்த மாதம் எத்தனை வீடுகளுக்குப் போனீர்கள்?" என்பதுதான். அக்கறையோடு கேட்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்து வீட்டுப் பராமரிப்பு நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

வாரத்துக்கு 168 மணி நேரம். நர்ஸ் வாரம் ஒருமுறை போனால், அந்த வீட்டில் இருப்பது மிஞ்சிப்போனால் 1 மணி நேரம். மீதி 167 மணி நேரமும் நோயாளி தம் மனைவியின் கையிலோ மருமகளின் கையிலோதான் இருக்கிறார். வார்டில் என்றால் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்ப்பார், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். வீட்டில் அந்த இரண்டாவது கண் இல்லை. எனவே நர்ஸ் புறப்படும்போது எதை விட்டுவிட்டு வருகிறார் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் பலர் போட்டுக்கொள்கிறீர்கள். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் குப்பியும் உண்டு. ஊசியும் அதற்கேற்ப இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் ஆரஞ்சு மூடியைக் கொடுத்தால், 40 யூனிட் குப்பியிலிருந்து 20 கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. இது தலைகீழாக நடந்தால், 20 போட்டதாக நினைத்து 50 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. இந்தக் கோடுகளைப் பார்த்துப் போடுகிறவர் கண்புரை உள்ள பாட்டியாக இருக்கலாம், எட்டாம் வகுப்புப் பேரனாக இருக்கலாம். ஆகையால் "சொல்லிக்கொடுத்தேன்" என்று நோட்டில் எழுதினால் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஊசி போடப்போகிறவர் நர்ஸின் கண்முன்னே தாமே மருந்தை இழுத்துக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் மெத்தை வாங்கித் தருகிறீர்கள். மிகவும் உதவுகிறது. ஆனால் மெத்தை வந்துவிட்டது என்று திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பின் அடியிலும் குதிகாலிலும் புண் வரும். பகலில் சரி, இரவு 2 மணிக்கு யார் எழுந்திருப்பது? இதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும். மகன் ஒரு முறை, மருமகள் ஒரு முறை என்று பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டு வர வேண்டும். அரைமணி நேரம் அதற்கே போய்விடும். அந்த வருகையும் கணக்கில் ஒன்றுதான்! மூத்திரப் பையும் அப்படியே. அது வயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. நாற்காலியில் உட்கார வைக்கும்போது பையைத் தூக்கி மடியில் வைத்துவிடுவார்கள். குழாய் வழியே திரும்ப உள்ளே போகும் மூத்திரம் கிருமியையும் கொண்டுபோகும்.

ஆக்சிஜன் ஓடுகிற அறையில் தீ கூடாது. பீடி, சிகரெட் கூடாது என்றால் எல்லாருக்கும் புரிகிறது. நோயாளிக்காக ஜெபிக்க வருகிறவர்கள் கட்டிலருகே மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அதில் சேர்ந்ததுதான். ஜெபிக்க வாருங்கள், மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம்.

புற்றுநோய் வலிக்கு வாயால் சாப்பிடும் மார்பின் மாத்திரை தருகிறோம். 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பின் அதைப் பெறும் வழி எளிதாக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் மாத்திரைகளை எண்ணி எழுத வேண்டும். மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்தே கொடுக்க வேண்டும். நோயாளி காலமானால் மிச்சத்தைத் திரும்பப் பெற வேண்டும். பயந்துகொண்டு மாத்திரை கொடுக்காமல் ஒருவரை வலியில் கிடக்க விடுவதையும் நான் பாதுகாப்புக் குறைவு என்றே சொல்வேன்.

இது நம்மைப் போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகள் மட்டும் செய்யும் வேலையல்ல. கேரள அரசு 2008-இலேயே வலிநீக்குச் சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. அங்கே அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று நர்ஸோடு வீடுவீடாகப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. நகரங்களில் பணம் கொடுத்து "ஹோம் நர்ஸ்" வைத்துக்கொள்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். உங்கள் தாய் தகப்பனுக்கு அப்படி ஒருவரை அமர்த்தினால், நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதிவு இல்லாதவர் குளிப்பாட்டலாம், ஊட்டலாம். ஊசியையும் குழாயையும் அவரிடம் விடாதீர்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன். வீல்சேருக்குக் கொடுக்க ஆள் கிடைக்கிறார்கள். அதன் முதுகில் பெயர் எழுதலாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மூத்த நர்ஸ் இரண்டாம் முறை அந்த வீட்டுக்குப் போய், முதலில் போனவர் செய்ததைச் சரிபார்த்து வருகிறாரே, அதில் பெயர் எழுத இடமில்லை. மருமகள்களுக்கு நடத்தும் ஒருநாள் பயிற்சிக்கும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் கொடுங்கள் என்றே இன்று கேட்க வந்தேன். அப்படிக் கொடுத்தால் வீடுகளின் எண்ணிக்கை சற்றுக் குறையும். அடுத்த அறிக்கையில் அந்தக் குறைந்த எண்ணைப் பார்க்கும்போது, ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலருகே மேஜையில் நாங்கள் வீடுகளில் விட்டுவிட்டு வரும் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. புரட்டிப் பாருங்கள். இரவில் கூப்பிட வேண்டிய போன் எண் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடி போடாமல் உங்களால் அதை வாசிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் இன்னும் பெரிதாக அச்சடிக்க வேண்டும்.