63-ஆம் செக்டாரில் தொடங்கிய தலைவலி: விர்ச்சுவல் மெஷின்களில் டிஸ்க் அலைன்மென்ட்

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம பேசப்போறது ரொம்ப அமைதியான ஒரு சிக்கலைப் பத்தி. பிழைச் செய்தி வராது, சிவப்பு விளக்கு எரியாது. விர்ச்சுவல் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். சி.பி.யூ. சும்மா இருக்கும், மெமரி தாராளமா இருக்கும். ஆனா டேட்டாபேஸ் மட்டும் மாட்டு வண்டி மாதிரி நகரும். இந்தச் சிக்கலுக்குப் பேர் டிஸ்க் மிஸ்அலைன்மென்ட். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நானே உருவாக்கி, நானே மாட்டிக்கொண்டு, ஒருவரிடம் மன்னிப்பும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். பழைய சர்வர்களை எல்லாம் ஒழித்துவிட்டு விர்ச்சுவல் மெஷின்களுக்கு மாறும் வேலை. விண்டோஸ் சர்வர் 2003 ஓடிய பெட்டிகள் சில, சென்ட்ஓஎஸ் 5 ஓடியவை சில. அவற்றை அப்படியே விர்ச்சுவல் மெஷினாக மாற்றி, விஎம்வேர் மேல் ஏற்றினேன். புதிதாகக் கேட்பவர்களுக்குக் கொடுக்க ஒரு டெம்ப்ளேட்டும் செய்து வைத்தேன். எல்லாம் ஓடியது. எல்லோரும் கை குலுக்கினார்கள்.

மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு போடும் நிரல் ஓட வேண்டும். பழைய பெட்டியில் ராத்திரி ஆரம்பித்தால் விடிவதற்குள் முடிந்துவிடும். புதிய இடத்தில் காலையில் ஆட்கள் வேலைக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தருக்கு வீட்டு வாடகை, ஒருத்தருக்கு இ.எம்.ஐ.

கூட்டம் போட்டார்கள். என்னிடம் கேட்டார்கள். நான் ஒரு பெரிய ஃபைலை அந்த டிஸ்க்கில் காப்பி பண்ணிக் காட்டினேன். சர்ருனு போச்சு. "ஸ்டோரேஜ் நல்லாத்தான் இருக்கு, கொயரியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். டேட்டாபேஸ் பார்த்த பெண் எனக்கு ஜூனியர். பாவம், இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து கொயரிகளைத் திருத்தி எழுதினார். பெரிதாக எந்த மாற்றமும் இல்லை.

அடுத்த மாதம் நானே ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு கோரிக்கையும் காத்துக் கிடக்கிறது. தாமதம் ஹைப்பர்வைசரில் இல்லை, ஸ்டோரேஜ் பக்கம் இருக்கிறது. உடனே எல்லோரும் வந்த முடிவு, டிஸ்க் போதவில்லை, இன்னும் வாங்கணும். விலைப்புள்ளி கேட்கும் வரை போய்விட்டது.

அப்போதுதான் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, டெஸ்ட் மெஷினும் இதே ஸ்டோரேஜ்லதானே இருக்கு? அதுல மட்டும் ஏன் வேகமா ஓடுது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் வேலை பார்க்காத நேரத்தில், அதே டேட்டாவை இரண்டு மெஷினிலும் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினோம். அவர் சொன்னது உண்மை. டெஸ்ட் மெஷின் மாற்றி ஏற்றியது இல்லை, விண்டோஸ் சர்வர் 2008-ஐப் புதிதாக நிறுவியது. பிறகு இரண்டிலும் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். ஒன்றில் 32256. மற்றதில் 1048576. அந்த இரண்டு எண்ணுக்குள்ளதான் முழுக் கதையும் இருந்தது.

63 எங்கிருந்து வந்தது?

பழைய டிஸ்க்குகளில் இடத்தைக் குறிக்க சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்கள் உண்டு. ஒரு டிராக்கில் அதிகபட்சம் 63 செக்டார் என்பது கணக்கு. முதல் டிராக்கை மாஸ்டர் பூட் ரெக்கார்டுக்கு விட்டுவிட்டு, அடுத்த டிராக்கில் பார்ட்டிஷனைத் தொடங்குவார்கள். செக்டார்களை 0-வில் இருந்து எண்ணினால் அது 63-ஆம் எண் செக்டார். ஒரு செக்டார் 512 பைட். 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32256 பைட், அதாவது 31.5 கே.பி. விண்டோஸ் எக்ஸ்பி, சர்வர் 2003, சென்ட்ஓஎஸ் 5 எல்லாம் இந்த வழக்கப்படிதான் பிரித்தன.

விண்டோஸ் விஸ்டா, சர்வர் 2008 வந்தபோது இதை மாற்றினார்கள். பார்ட்டிஷன் 1 எம்.பி.யில், அதாவது 2048-ஆம் செக்டாரில் தொடங்கும். 1048576 என்பது அதுதான். லினக்ஸும் பிறகு அதே வழிக்கு வந்தது.

சரி, 31.5 கே.பி.யில் தொடங்கினா என்ன தப்பு? கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க.

ஒரு மேசைக்கு எட்டு நாற்காலி. சாப்பிட வருவது எட்டுப் பேர் கொண்ட குடும்பங்கள். முதல் நாற்காலியிலிருந்து உட்கார வைத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மேசை. ஆனால் முதல் 63 நாற்காலியை யாருக்கோ ஒதுக்கிவிட்டு 64-ஆவது நாற்காலியில் ஆரம்பிக்கிறோம் என்று வையுங்கள். 64-ஆவது என்பது எட்டாவது மேசையின் கடைசி நாற்காலி. முதல் குடும்பத்தில் தாத்தா மட்டும் எட்டாவது மேசையில், மீதி ஏழு பேர் ஒன்பதாவது மேசையில். அடுத்த குடும்பத்திலும் ஒருத்தர் இங்கே, ஏழு பேர் அங்கே. கடைசிக் குடும்பம் வரை இதே கதை. ஒரு குடும்பத்துக்குச் சாம்பார் ஊற்ற, இரண்டு மேசைக்கு ஓடணும்.

எட்டு நாற்காலி என்று நான் சும்மா சொல்லவில்லை. ஸ்டோரேஜ் உள்ளே பெரும்பாலும் 4 கே.பி. பிளாக், அதாவது எட்டு செக்டார். விர்ச்சுவல் மெஷினின் ஃபைல் சிஸ்டமும் வழக்கமாக 4 கே.பி. கிளஸ்டரில் எழுதுகிறது. தொடக்கம் தப்பானால் ஒவ்வொரு கிளஸ்டரும் இரண்டு பிளாக்கில் கால் வைக்கும்.

படிப்பதற்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு பிளாக். எழுதுவது இன்னும் மோசம். பிளாக்கில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடியாது. இரண்டு பிளாக்கையும் முதலில் படித்து, உரிய இடத்தை மாற்றி, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு எழுத்து வேலை, இரண்டு படிப்பு, இரண்டு எழுத்தாக ஆகிறது. கேஷ் கொஞ்சம் மறைக்கும். சம்பளக் கணக்கு மாதிரி சிதறிச் சிதறி எழுதும் வேலை வந்தால் கேஷும் நிரம்பிவிடும்.

நான் பெரிய ஃபைலைக் காப்பி பண்ணிப் பார்த்தேனே, அது ஏன் வேகமாகப் போனது? தொடர்ச்சியாக எழுதும்போது பக்கத்துப் பக்கத்துப் பிளாக்குகள் சேர்ந்து முழுதாகிவிடும். ஓரங்களில் மட்டும்தான் அடி விழும். அதனால அந்தச் சோதனையை வெச்சு யாரும் முடிவு எடுக்காதீங்க. நான் எடுத்த தப்பான முடிவு அதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போனால் பார்ட்டிஷனின் 'ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்' தெரியும். அந்த எண்ணை 4096-ஆல் வகுங்கள். மீதி இல்லாமல் வந்தால் சரி. 1048576-ஐ வகுத்தால் 256. 32256-ஐ வகுத்தால் 7.875. புள்ளி வந்தாலே வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

லினக்ஸில் எஃப்டிஸ்க் கட்டளையை செக்டார் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். தொடக்க எண் எட்டால் வகுபட வேண்டும். 63 வகுபடாது, 2048 வகுபடும். 'பார்ட்டட்' கட்டளையில் 'அலைன்-செக்' என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பழைய எஃப்டிஸ்க், பார்ட்டிஷன் சிலிண்டர் எல்லையில் முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை கொடுக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்றைக்கு அந்தச் சிலிண்டருக்குப் பொருளே இல்லை. பார்ட்டிஷன் பிசிக்கல் செக்டார் எல்லையில் தொடங்கவில்லை என்று வந்தால் மட்டும் கவனியுங்கள். முதல் செய்தியை ஒழிக்கப் போய், ஒழுங்காக இருந்த பார்ட்டிஷனைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இது மூன்று அடுக்கு வீடு. கீழே ஸ்டோரேஜின் லன், நடுவில் டேட்டாஸ்டோர், மேலே விர்ச்சுவல் மெஷினின் பார்ட்டிஷன். கீழிருந்து மேலே பாருங்கள். விஎம்வேரில் வி.எம்.எஃப்.எஸ். 5 டேட்டாஸ்டோர் 1 எம்.பி.யில் தொடங்கும், அது பிரச்சினை இல்லை. சில ஸ்டோரேஜ்களில் லன் உருவாக்கும்போது எந்த இயங்குதளத்துக்கு என்று கேட்கும். அதில் தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் கீழ் அடுக்கே நகர்ந்துவிடும். அஸ்திவாரம் கோணலா இருந்தா மாடியைச் சரி பண்ணிப் பயனில்லை. லினக்ஸில் எல்.வி.எம். இருந்தால், அதன் டேட்டா எங்கே தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

எண்ணைப் பார்த்ததும் துள்ளினேன். ஆனால் டெஸ்ட் மெஷின் சர்வர் 2008, சம்பள மெஷின் சர்வர் 2003. வேகம் இயங்குதளத்தால்கூட வந்திருக்கலாமே? ஏற்கெனவே ஒரு முறை அவசரப்பட்டு ஒருத்தர் மேல் பழி போட்டாச்சு. அதனால் அதே சர்வர் 2003 மெஷினில் புதிதாக ஒரு விர்ச்சுவல் டிஸ்க் சேர்த்தேன். 'டிஸ்க்பார்ட்' கட்டளையில் அலைன் 1024 என்று கொடுத்தால் பார்ட்டிஷன் 1 எம்.பி.யில் தொடங்கும். சர்வீஸ் பேக் 1 முதல் இந்த வசதி இருக்கிறது. டேட்டாபேஸின் நகலை அதில் வைத்து ஓட்டினோம். அதே மெஷின், அதே கொயரி, அதே ஸ்டோரேஜ். மாறியது தொடக்கம் மட்டும். வேலை விடிவதற்குள் முடிந்தது.

சரிசெய்யும் வழி

டேட்டா டிஸ்க் என்றால் எளிது. முழு பேக்கப் எடுங்கள். ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. சர்வீஸ்களை நிறுத்துங்கள், சரியாகப் பிரித்த புதிய டிஸ்க்குக்கு டேட்டாவை மாற்றுங்கள், டிரைவ் எழுத்தை மாற்றிக் கொடுங்கள். பழைய டிஸ்க்கை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

பூட் டிஸ்க் அவ்வளவு எளிது இல்லை. அதில் பெரிய எழுத்து வேலை எதுவும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். கட்டாயம் என்றால், மெஷினை அணைத்துவிட்டு ஜிபார்ட்டட் லைவ் சிடி மூலம் எம்.ஐ.பி. அலைன்மென்ட்டுக்கு நகர்த்தலாம். விஎம்வேர் கன்வெர்ட்டர் 5.0 முதல், மாற்றும்போதே பார்ட்டிஷனைச் சரிசெய்யும் வசதியும் உண்டு. நான் முதலில் நகர்த்திய சென்ட்ஓஎஸ் மெஷின் கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டது. பழைய கிரப், தன் மீதிப் பாகம் எந்தச் செக்டாரில் இருக்கிறது என்று நினைவில் வைத்திருக்கும். வீட்டை மாற்றிவிட்டு முகவரி சொல்லாமல் விட்டால் எப்படி? ரெஸ்க்யூ சிடியில் ஏறி கிரப்பைத் திரும்ப நிறுவியதும் எழுந்துவிட்டது. அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, டெம்ப்ளேட்டைச் சரிசெய்வது. நான் மெஷின் மெஷினாகத் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து டீம் என் பழைய டெம்ப்ளேட்டிலிருந்து புதிய மெஷின்களை எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணி ஒழுகுற குழாயை மூடாம தரையைத் துடைச்ச கதைதான்.

இதெல்லாம் பழைய காலத்துக் கதை, இப்ப யாரு 2003 வெச்சிருக்கா என்று சிலர் கேட்கலாம். இயங்குதளத்தை மேம்படுத்தினாலும் பார்ட்டிஷன் அதே இடத்தில்தான் இருக்கும். டிஸ்க் இமேஜை வேறு ஹைப்பர்வைசருக்கோ கிளவுடுக்கோ கொண்டுபோனாலும், அந்த 63 கூடவே பயணம் செய்யும். எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் வலி குறையலாம், இரட்டை வேலை குறையாது.

கடைசியாக, எங்கள் அலுவலகத்தில் என்ன ஆனது? புதிய டிஸ்க் வாங்கும் யோசனையைக் கைவிட்டோம். "கொயரியைப் பாருங்க" என்று எந்தக் கூட்டத்தில் சொன்னேனோ, அதே கூட்டத்தில் எழுந்து நின்று, தப்பு என் டெம்ப்ளேட்டில் இருந்தது, கொயரியில் இல்லை என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "பரவாயில்லை அண்ணா, அந்தக் கொயரியும் இப்ப முன்னைவிட நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இன்னைக்கு ராத்திரி உங்க டெம்ப்ளேட் ஒன்றைத் திறந்து, தொடக்க எண்ணை 4096-ஆல் வகுத்துப் பாருங்க. இரண்டு நிமிஷ வேலை. மீதி வந்தா எனக்கு எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம். அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.