128 பைட்டில் ஓடிய நதி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வீடியோ கேம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். விளையாட்டுதான், ஆனால் உள்ளே இருப்பது சுத்தமான எஞ்சினியரிங்.

1982-இல் ஆக்டிவிஷன் நிறுவனம், டி.வி.யில் இணைத்து ஆடும் அட்டாரி 2600 பெட்டிக்காக 'ரிவர் ரெய்ட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. திரையில் ஒரு நதி மேலிருந்து கீழாக உருண்டு வந்துகொண்டே இருக்கும். அதன்மேல் நம் விமானம். கரையில் மோதக் கூடாது. கப்பல், ஹெலிகாப்டர், பாலம் எல்லாவற்றையும் சுட வேண்டும். எரிபொருள் கிடங்கின் மேல் பறந்தால் டாங்க் நிரம்பும். கிடங்கையே சுட்டால் பாயிண்ட் உண்டு, பெட்ரோல் போச்சு!

இதை எழுதியவர் கரோல் ஷா. பெர்க்லியில் படித்த எஞ்சினியர். அவருக்குக் கிடைத்த இடம் 4 கிலோபைட் ரோம், 128 பைட் ராம். நாம் அனுப்பும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கே 140 பைட் உண்டு!

அவ்வளவு நீள நதியின் படத்தை இதில் எங்கே வைப்பது? அவர் வைக்கவே இல்லை. நதியை உண்டாக்கும் விதியை மட்டும் வைத்தார். ஒரு எண்ணின் பிட்டுகளை ஓரிடம் நகர்த்தி, குறிப்பிட்ட சில பிட்டுகளை எக்ஸ்-ஆர் செய்து காலி இடத்தில் போட்டால் அடுத்த எண் வரும். நம் டிஜிட்டல் லேபில் போட்ட ஷிப்ட் ரிஜிஸ்டரேதான்! பிட்டுகளைச் சரியாகத் தேர்ந்தால், 16 பிட்டிலேயே 65,535 எண்கள் வரும். அதன் பிறகுதான் சுற்று திரும்பும். பார்வைக்குத் தாறுமாறு. ஆனால் தொடக்க எண் மாறாததால் ஒவ்வொரு முறையும் அதே நதி, அதே வளைவுகள். ஆடுபவர் பழகி முன்னேற முடிந்ததும் அதனால்தான்.

இது பழங்கதை இல்லை. நான் வேலை செய்வது தண்ணீர் மீட்டர் தயாரிக்கும் சிறிய கம்பெனியில். ஒரு சமயம் சிப்பில் இடம் போதவில்லை. பெரிய சிப் போட்டால் விலை ஏறும், ஆர்டர் கைவிட்டுப் போகும். அதை நம்பி நாற்பது பேர் இருந்தார்கள். திருத்த அட்டவணையை எடுத்துவிட்டு, அதைக் கணக்கிடும் சூத்திரத்தை வைத்தோம். பழைய சிப்பிலேயே அடங்கியது. ஆர்டரும் நின்றது.

தம்பி தங்கைகளே, லேபில் வசதி போதவில்லை என்கிறீர்கள். நியாயம்தான், நிர்வாகத்திடம் கேளுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம். அதுவரை, கையில் இருப்பதை வைத்து, எதைச் சேமிப்பது, எதைக் கணக்கிட்டு வரவழைப்பது என்று யோசித்துப் பழகுங்கள். அந்தப் பழக்கத்துக்கு எந்தக் கம்பெனியிலும் மதிப்பு உண்டு.