மதிலோரம் நிற்பவர்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே மதுவைக் கண்டித்துப் பேசுவது நமக்குப் புதிதன்று. திருக்குறளிற் கள்ளுண்ணாமை என்னும் 93 ஆம் அதிகாரத்தை நானே இம்மேடையிற் பலமுறை விரித்துரைத்திருக்கின்றேன். சபையோர் கைதட்டினார்கள். கைதட்டியவர்களுள் எவரும் குடிப்பவரல்லர். குடிப்பவர் அந்நேரம் தவறணையில் இருந்தார். அல்லது வெளி மதிலோடு சாய்ந்து நின்று கேட்டுவிட்டுத் தலைகுனிந்து போனார். அந்த மதிலோரம் நிற்பவரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில் என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் அயலிலுள்ள குடும்பமொன்று அழுதுகொண்டு வந்தபோது, அவ்வீட்டு மனிதரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று கர்ப்பூரத்தின் மேற் சத்தியம் செய்வித்தவன் நான். 17 நாள் குடியாதிருந்தார். அடுத்த நாள் குடித்தார். அதன்பின் அவர் விட்டது குடியையன்று. கோவிலுக்கு வருவதைத்தான் விட்டார். சத்தியம் தவறியவர் எந்த முகத்தோடு சந்நிதியில் நிற்பார்? அவருக்குத் திறந்திருந்த ஒரு வாசலையும் நானே அடைத்துவிட்டேன் என்பது எனக்குப் பிந்தியே விளங்கிற்று.

குடி, பலருக்கு ஒழுக்கக்கேடு மாத்திரமன்று, நோயுமாம். நோயாளிக்குச் சத்தியம் மருந்தாகுமா? அவருக்கு அதே நோயை அனுபவித்து மீண்ட இன்னொருவரின் துணை வேண்டும். இந்த உண்மையைப் பட்டறிந்து கண்டவர்கள் இருவர். 1935 ஆம் ஆண்டு மே மாதம், நியூ யோர்க்கிலே பங்கு வியாபாரத்துறையில் இருந்த பில் வில்சன் என்பவர் தொழில் நிமித்தம் அமெரிக்காவின் அக்ரன் நகருக்குச் சென்றார். குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. போன காரியம் கெட்டது. விடுதியின் ஒரு பக்கத்திலே மதுச்சாலை. மறு பக்கத்திலே தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். பொப் சிமித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் கிடைத்தார். பதினைந்து நிமிடம் மாத்திரம் பேசலாம் என்று வந்த வைத்தியர் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டார். அவ்வாண்டு ஜூன் 10 ஆம் திகதியை, வைத்தியர் கடைசியாகக் குடித்த நாளை, அல்ககோலிக்ஸ் அனோனிமஸ் என்னும் கூட்டுறவின் பிறந்த நாளாகக் கொள்கின்றார்கள். ஏ.ஏ. என்று சுருக்கிச் சொல்வர். பெயர் வெளியிடாக் குடிநோயாளர் என்பது அதன் கருத்து.

அங்கே என்னதான் நடக்கிறது? ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தம் கதையைச் சொல்ல மற்றவர் குறுக்கிடாது கேட்பர். முழுப் பெயர் வேண்டாம். பேச விரும்பாதவர் பேசவும் வேண்டாம். தேநீர் பெரும்பாலும் உண்டு! கட்டணமில்லை; இயன்றவர் இயன்றதைப் போடுவர். குடியை விட விரும்புவது ஒன்றே அங்கத்தவராதற்குரிய தகுதி. நேற்றுக் குடித்தவரும் வரலாம். இதனைத்தான் நான் கோவில் வாசலிற் செய்யத் தவறினேன்.

வெறும் பேச்சினால் நோய் தீருமோ என்று கேட்கும் பெரியோர்க்கு ஒரு சொல். 10,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்ட 27 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து 2020 இல் வெளியிட்ட கொக்ரேன் அறிக்கை, இவ்வழி ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று என்றும், தொடர்ந்து குடியாதிருப்பதில் அவற்றினும் மேலானது என்றும் கண்டது.

நம்மவர் சிலருக்கு வேறொரு தயக்கமுண்டு. இக்கூட்டங்கள் பல இடங்களிற் கிறிஸ்தவ தேவாலய மண்டபங்களிலே நடப்பன. மதம் மாற்றுவார்களோ என்று கேட்கின்றார்கள். 1939 இல் வெளிவந்த அவர்களுடைய நூலிலே கடவுள் என்ற சொல்லோடு, நாம் விளங்கிக்கொண்டபடியான கடவுள் என்றே எழுதியிருக்கின்றது. முருகனை நினைப்பவர் முருகனையே நினைக்கலாம். கூரை எவருடையது என்று நீரில் மூழ்குபவன் பார்ப்பதில்லை.

இனி, தேடுவது எப்படி? அரசாங்க வைத்தியசாலையின் உளநல வைத்தியப் பிரிவிலே கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, எல்லோருக்கும் உரியதா அன்றிக் குடியை விட விரும்புவோர்க்கு மாத்திரம் உரியதா என்று முன்னரே விசாரியுங்கள். அருகில் இல்லையேல் இணையவழிக் கூட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டிலே தமிழில் நடக்கும் கூட்டங்களும் பல. ஒரு கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிட்டால் இன்னொன்றுக்குப் போகலாம். மனைவி மக்களுக்கென 1951 இல் அல்-அனொன் என்னும் தனி அமைப்பும் தோன்றியது.

ஒன்றை மாத்திரம் மறவாதீர்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் உண்டாகி உயிருக்கே மோசம் வரலாம். அத்தகையவர் முதலில் வைத்தியரைக் காணவேண்டும். நான் சத்தியம் செய்வித்த அன்று இதுவும் எனக்குத் தெரியாது. அவர் பிழைத்தது என் கெட்டித்தனத்தாலன்று.

இளைஞர்களே, உங்கள் வேலை புத்தி சொல்வதன்று. முதல் நாள் பஸ்சிலே அவரோடு கூடப் போங்கள். வாசல் வரை போய், வெளியிலே காத்திருந்து, திரும்ப அழைத்து வாருங்கள். அங்கே என்ன சொன்னீர் என்று கேளாதீர்கள். கண்டதை ஊரிற் சொல்லாதீர்கள்.

நம் ஊரிலே கூட்டமில்லையே என்பீர்கள். குடியை விடும் நோக்கத்தோடு இரண்டு மூன்று பேர் கூடினாற் போதும், அதுவே ஒரு குழு என்பது அவர்களுடைய கொள்கை. ஆட்களை நாம் தேடித் திரியவேண்டியதில்லை. இடத்தைத்தான் நாம் கொடுக்கலாம். புதன்கிழமை மாலைகளில் நமது வாசிகசாலை வெறுமையாகவே கிடக்கின்றது. அவர்கள் வெளியார் உதவி பெறாதவர்கள். ஆதலால் வாடகையாகச் சிறு தொகை தந்தால், தருமமென்று மறுக்காது வாங்கிக்கொள்ளவேண்டும். திறப்பைக் கேட்டு வருபவரிடம், என்ன காரியத்துக்கென்று விசாரியாமற் கொடுக்கும்படி செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றேன். முன்பக்கத்து விளக்கை அன்று ஏற்றாது விடுவதும் நல்லது. வருபவர் முகம் வீதியிற் போவோருக்குத் தெரியவேண்டியதில்லை.